மேய்க்க ஆடில்லாத வீட்டில் மேய்ப்பு நாய்

பார்டர் கோலி குட்டி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இதுதான்: "தினம் ரெண்டு மணி நேரம் நல்லா ஓட விடுங்க, போதும்." இது பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை. அதனால்தான் ஆசை ஆசையாக வாங்கிய குட்டியை ஒன்றரை வயதில் "தோட்டம் இருக்கிற நல்ல குடும்பம் யாராவது எடுத்துப்பாங்களா" என்று விசாரிக்கும் நிலைக்குச் சிலர் வந்து சேர்கிறார்கள். அந்த நாய்க்கு ஓட்டத்தில் குறை இருந்திருக்காது. சில வீடுகளில் தேவைக்கு மேலேயே ஓடியிருக்கும். அதற்குக் கிடைக்காமல் போனது வேறு.

அதைப் புரிந்துகொள்ள, இந்த இனம் உருவான மண்ணைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சந்திக்கும் எல்லைப்புறக் குன்றுகளில் ஆடுகள் மலை முழுக்கச் சிதறி மேயும். மனிதரைக் கண்டால் விலகி ஓடும். மேய்ப்பர் அடிவாரத்தில் நின்றபடி நாயை அனுப்புவார். நாய் மந்தைக்குள் நேராகப் பாயாமல், பெரிய வளைவாகச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் நின்று, ஆடுகள் மிரளாத அளவுக்கு நெருங்கி, அவற்றை ஒன்றாக்கி நகர்த்தி வர வேண்டும். குரைப்பில்லை, கடியில்லை, பார்வையாலேயே ஆட்டை அசைக்க வேண்டும். அரை கிலோமீட்டர் தொலைவிலிருந்து வரும் விசிலுக்கு இடப்புறமோ வலப்புறமோ திரும்ப வேண்டும். விசில் எட்டாத இடத்தில் தானே முடிவெடுக்கவும் வேண்டும்.

1893இல் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்த ஹெம்ப் என்ற நாய் இந்த வேலையைச் செய்த விதம் அந்த வட்டாரத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அதன் தாய் மெக், பார்வையில் அபார வலுவும் சுபாவத்தில் மிகுந்த கூச்சமும் கொண்ட பெட்டை. தந்தை ராய், எல்லோரிடமும் ஒட்டிக்கொள்ளும் நாய்; பார்வையில் வலு குறைவு. இரண்டும் சரியான அளவில் கலந்து பிறந்த ஹெம்ப், தன் எட்டாண்டு வாழ்நாளில் ஏறத்தாழ 200 குட்டிகளுக்குத் தகப்பனானது. இன்றைய பார்டர் கோலிகளின் வம்சத்தைப் பின்னோக்கித் தேடிப்போனால் கிட்டத்தட்ட எல்லாமே அதில்தான் போய் முட்டும். 1906இல் ஆட்டு நாய்களுக்கான சர்வதேசச் சங்கம் பிரிட்டனில் தொடங்கியது. அழகைப் பார்த்து அங்கே யாரும் நாய் வளர்க்கவில்லை. வேலை தெரிந்ததா, அதற்குத்தான் குட்டி எடுத்தார்கள். பிரிட்டனின் கென்னல் கிளப் இதைக் கண்காட்சி இனமாக ஏற்றது 1976இல்தான். அமெரிக்கக் கென்னல் கிளப் 1995இல் ஏற்றபோது, உழைக்கும் நாய்களை வளர்த்தவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். தோற்றத்துக்காகத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினால் மூளை போய்விடும் என்பது அவர்கள் கவலை.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த இடத்தில் ஒரு குழப்பம் வரலாம். நம் கீதாரிகளும்தான் ஆட்டோடு நாய் வைத்திருக்கிறார்கள். ஆனால் கிடை நாயின் வேலை காவல். நரியும் திருடனும் அண்டாமல் இரவில் பார்த்துக்கொள்வது. ஆட்டை மடக்கித் திருப்புவது மனிதரின் குரலும் கையில் உள்ள கம்பும்தான். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எதுவுமே மேய்க்கப் பிறந்தவை அல்ல. வேட்டைக்கும் காவலுக்கும் வந்தவை. நாலு தலைமுறையாக நாய் வளர்த்த குடும்பத்தில்கூட மேய்ப்பு நாயைக் கையாண்ட அனுபவம் இருக்காது. அந்த அனுபவத்தை நம்பி இறங்குபவர்கள்தான் அதிகம் திகைத்துப்போகிறார்கள்.

மேய்ப்பு நாய்க்குள் என்ன நடக்கிறது என்பதை அமெரிக்க உயிரியலாளர் ரேமண்ட் காப்பிங்கர் தெளிவாக விளக்கினார். ஓநாயின் வேட்டை ஒரு தொடர். இரையைக் கண்டுகொள்வது, உற்றுப் பார்ப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். பார்டர் கோலியில் இந்தத் தொடரின் முற்பகுதி பன்மடங்கு கூர்மையாக்கப்பட்டிருக்கிறது; கவ்வுவதும் கொல்வதும் அடக்கப்பட்டிருக்கின்றன. காவல் நாயில் தொடர் முழுவதுமே மங்கலாகிவிட்டது, அதனால்தான் ஆட்டுக்குட்டியோடு அது படுத்துறங்குகிறது. பார்டர் கோலிக்கு உற்றுப் பார்த்துப் பதுங்குவதே பசியைப் போன்ற ஒரு உந்துதல். ஆடு இல்லாத வீட்டிலும் அது போய்விடாது. அசையும் எதையாவது பிடித்துக்கொள்ளும்.

கோவையில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வயது ஒன்றை எட்டாத ஒரு பெட்டையைப் பார்த்தேன். ஹாலில் மின்விசிறியின் நிழல் தரையில் சுற்றிக்கொண்டிருந்தது. நாயின் தலை தோளுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஒரு முன்னங்கால் தரையில் படாமல் மடங்கியிருந்தது. வால் பின்னங்கால்களுக்கு நடுவே அசையாமல் தொங்கியது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் காது மட்டும் ஒரு கணம் திரும்பும்; கண் நிழலை விட்டு நகராது. விசிறியை நிறுத்தியதும் நிழல் நின்ற இடத்தை முகர்ந்துவிட்டு, சுவரில் செல்போன் கண்ணாடி அடித்த வெளிச்சத்துக்குத் தாவியது. வீட்டார் அதை விளையாட்டு என்று நினைத்திருந்தார்கள். சிரித்துக்கொண்டே டார்ச் அடித்துக் காட்டவும் செய்தார்கள். தயவுசெய்து இதை யாரும் செய்ய வேண்டாம். நிழலையும் வெளிச்சத்தையும் துரத்தும் பழக்கம் இந்த இனத்தில் வெகு எளிதாக ஆட்டிப்படைக்கும் நோயாக முற்றிவிடும். நிழலைப் பிடித்து முடிக்க முடியாது. முடிவில்லாத வேலை நாயைத் தின்றுவிடும். லேசர் விளக்கை வைத்து விளையாட்டுக் காட்டுவதும் இதே தவறுதான்.

நிழலுக்கு அடுத்தபடியாக அது மேய்க்கப் பார்ப்பது குழந்தைகளை. பிறந்தநாள் விழாவில் பத்துப் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடினால், நாயின் கண்ணுக்கு அது கட்டுக்கடங்காத மந்தை. சுற்றி வளைக்கும், மூலையில் ஒதுக்கும், அப்போதும் அடங்காவிட்டால் கணுக்காலைக் கவ்வும். ஆஸ்திரேலியன் கேட்டில் டாக், கோர்கி போன்றவை மாட்டின் குதிகாலைக் கடித்து ஓட்டுவதற்காகவே வளர்க்கப்பட்டவை, அவற்றில் இது இன்னும் கூடுதல். நாய்க்குக் குழந்தை மேல் விரோதம் இல்லை. ஆனால் நாலு வயதுப் பிள்ளையின் காலில் பல் பதிந்தால் அம்மாவுக்கு அந்த விளக்கம் போதாது. போதாதுதான். ஆறு வயதுக்குக் கீழே பிள்ளைகள் உள்ள வீட்டில் பார்டர் கோலி குட்டி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஓடாதே, கத்தாதே என்று அந்த வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பயனில்லை. பார்க்காதே என்று அந்த நாயிடம் சொல்லியும் பயனில்லை.

"ரொம்ப புத்திசாலியாமே, சீக்கிரம் கத்துக்குமே" என்பது அடுத்த வாதம். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக உளவியலாளர் ஸ்டான்லி கோரன் 1994இல் வெளியிட்ட நாய்களின் அறிவு பற்றிய நூலில் பார்டர் கோலிக்கு முதலிடம் கொடுத்தார். அந்தத் தரவரிசை கீழ்ப்படிதல் போட்டிகளின் நடுவர்களிடம் கேட்டுத் தொகுத்தது. ஒரு கட்டளையை எத்தனை முறையில் கற்கிறது, முதல் தடவையிலேயே எத்தனை முறை கேட்கிறது என்பதே அதன் அளவுகோல். அந்த வேகம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். அடுப்படிக் கதவு எப்போது திறக்கும், கூரியர்காரர் எந்த நேரத்துக்கு வருவார், எத்தனை தடவை குரைத்தால் அப்பா எழுந்து பந்தை எடுப்பார் என்பதையும் இரண்டு மூன்று தடவையில் கற்றுக்கொள்ளும். கற்பிக்க நேரமில்லாத வீட்டில் புத்திசாலி நாய் தானாகப் பாடத்திட்டம் வகுத்துக்கொள்கிறது.

சேசர் என்ற பெட்டையின் பெயரை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 1,022 பொம்மைகளின் பெயர்களைக் கற்ற பார்டர் கோலி அது. தென் கரோலைனாவில் ஜான் பில்லி வளர்த்தது. 2011இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளிவந்தது. அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பில்லி ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர். மூன்று ஆண்டுகள், நாளொன்றுக்கு நாலைந்து மணி நேரம் அந்த நாயோடு உட்கார்ந்தார். அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் இடையே மூன்று மணி நேரம் போக்குவரத்தில் கழிக்கும் குடும்பத்துக்கு இந்த ஒப்பீடு உதவாது.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். வீட்டில் அடங்காத நாயைப் பார்த்ததும் நமக்குத் தோன்றும் தீர்வு, மொட்டைமாடியில் பந்தை எறிந்துகொண்டே இருப்பது. நாற்பது எறியில் களைத்த நாய்க்கு அடுத்த மாதம் எண்பது தேவைப்படும். உடல் பயிற்சி பெற்றுக்கொண்டே போகிறது. மனம் கிளர்ச்சியிலிருந்து இறங்கக் கற்கவே இல்லை. நன்றாகப் பழக்கப்பட்ட பண்ணை நாயைக் கவனியுங்கள். வேலை இருக்கும்போது முழு மூச்சாக உழைக்கும். மேய்ப்பர் முடிந்தது என்று சொன்னதும் ஆட்டை விட்டுத் திரும்பி, வண்டியடியில் படுத்துவிடும். அப்படி விட்டுத் திரும்பும் கட்டளை பயிற்சியின் முக்கியமான பகுதி. நம் வீடுகளில் "வா", "உட்கார்", "கொண்டா" எல்லாம் சொல்லிக்கொடுக்கிறோம். "போதும், இனி படு" என்பதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. குட்டியாக இருக்கும்போதே ஒரு பாயைக் காட்டி, அதில் சும்மா படுத்திருந்தால் அவ்வப்போது ஒரு துண்டு கோழிக்கறி கிடைக்கும் என்று பழக்க வேண்டும். குட்டிகள் நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்க வேண்டியவை. ஓயாமல் துள்ளும் குட்டிக்கு மேலும் விளையாட்டுக் காட்டுவது, தூக்கம் வராமல் அழும் பிள்ளையை மேலும் குலுக்குவது மாதிரி.

வேலை என்றால் ஆடு வாங்க வேண்டியதில்லை. பிஸ்கட்டை ஒவ்வோர் அறையாக ஒளித்து மோப்பத்தில் தேட வைக்கலாம். சாவிக்கொத்துக்கும் செருப்புக்கும் பெயர் சொல்லிக்கொடுத்து எடுத்துவரச் சொல்லலாம். கூட்டமான தெருவில் வார் இழுபடாமல் நடப்பதே பெரிய மூளை வேலை. இருபது நிமிடம் இப்படிச் செய்தால் ஒரு மணி நேர ஓட்டம் தராத அமைதி கிடைக்கும். ஆனால் அந்த இருபது நிமிடமும் செல்போனைத் தள்ளி வைத்துவிட்டு நீங்கள் அங்கே இருக்க வேண்டும். இந்த நாய் தேடுவது அதைத்தான்: சேர்ந்து வேலை செய்ய ஓர் ஆள். தோட்டம் இருந்தாலும் தனியே விடப்பட்ட பார்டர் கோலி அங்கே வேலியோரம் போகிற வண்டிகளைத்தான் மேய்க்கும்.

நம் ஊர் வெயிலைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாய் உடலைக் குளிர்விப்பது முக்கியமாக மூச்சிரைப்பில்தான். சென்னையின் புழுக்கத்தில் அது சரியாக வேலை செய்யாது. பார்டர் கோலியின் தனிச் சிக்கல், தானாக நிற்காது. ஆரோக்கியமான சில பார்டர் கோலிகள், வெப்பமான நாளில் ஐந்து முதல் பதினைந்து நிமிடம் கடுமையாக ஓடியதும் கால் தள்ளாடி, நிலை தடுமாறிப்போவதை ஆய்வாளர்கள் தனி நோயாகவே பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே மார்ச் முதல் ஜூன் வரை விடியற்காலை ஆறு மணிக்கு முன்பும், தார்ச் சாலையின் சூடு தணிந்த பிறகும்தான் வெளியே போக வேண்டும். முடியை ஒட்டச் சிரைத்துவிட்டால் குளிர்ச்சி என்று நினைப்பதும் தவறு. இரட்டை அடுக்கு ரோமம் வெயிலிலிருந்து தோலைக் காக்கிறது. சிரைத்தால் மறுபடி ஒழுங்காக வளராமலும் போகலாம்.

சத்தமும் அப்படித்தான். 2020இல் வெளியான பின்லாந்து ஆய்வு ஒன்று 13,700 வளர்ப்பு நாய்களைப் பற்றிய தகவலைத் திரட்டியது. பதற்றம் சார்ந்த சிக்கல்களில் மிகப் பரவலானது சத்தத்துக்கு அஞ்சுவது. மூன்றில் ஒரு பங்கு நாய்களுக்கு அது இருந்தது. ஒரு விசிலின் நுணுக்கத்தையும் தவறவிடாத காது கொண்ட இனத்துக்குத் தீபாவளி வாரம் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். இதைப் பட்டாசு தொடங்கிய பிறகு சமாளிக்க முடியாது. குட்டிப் பருவத்திலேயே மெல்லிய ஒலியில் தொடங்கிப் படிப்படியாகப் பழக்க வேண்டும்.

இனத்தைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, இனம் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்ற கேள்வியும் எழ வேண்டும். 2022இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தை பற்றி உரிமையாளர்களிடம் கேட்டு, 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் வாசித்தது. தனி நாய்களுக்கு இடையே நடத்தையில் காணப்படும் வேறுபாட்டில் சுமார் 9 விழுக்காட்டை மட்டுமே இனம் விளக்குகிறது என்றது முடிவு. "அப்போ எந்த நாயும் எப்படியும் இருக்கலாம்" என்று இதைச் சிலர் எடுத்துக்கொண்டார்கள். அது சரியல்ல. மனிதர் சொல்வதைக் கேட்டு நடக்கும் குணத்தில் இனத்தின் தடம் மற்ற குணங்களைவிடக் கூடுதலாகவே தெரிந்தது. பார்டர் கோலி அதில் முன்வரிசையில் இருந்தது. அதே ஆண்டு செல் இதழில் வந்த வேறோர் ஆய்வு, மேய்ப்பு இனங்களில் நரம்பிழைகள் மூளைக்குள் வழிதேடி வளர்வதோடு தொடர்புடைய மரபணுக்களின் அருகே தனித்த மாற்றங்களைக் கண்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் படுவது இது: இனத்தின் பெயர் வாய்ப்பைச் சொல்கிறது, குறிப்பிட்ட குட்டியைப் பற்றித் தாயும் தந்தையும்தான் சொல்ல முடியும். ஹெம்ப்பின் பெற்றோர் காலத்திலிருந்தே மேய்ப்பர்களுக்கு இது தெரியும். குட்டி பார்க்கப் போனால் தாயைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அறிமுகமில்லாத ஆளைக் கண்டு அது பின்வாங்குகிறதா, நாம் அமர்ந்ததும் தானும் அடங்கிப் படுக்கிறதா என்று பாருங்கள். தாயைக் காட்ட முடியாது என்றால் எழுந்து வந்துவிடலாம்.

இந்தியச் சந்தையில் இது எளிதல்ல. கென்னல் கிளப் சான்றிதழ் என்பது, பெற்றோர் யார் என்பதற்கான பதிவு; உடல்நலத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு விதிகள் சொல்கின்றன, ஆனாலும் "நாப்பது நாள் குட்டி" என்று விளம்பரம் வருகிறது. மெர்ல் என்னும் சாம்பல் நீலத் திட்டு நிறத்துக்கு விற்பனையாளர்கள் கூடுதல் விலை சொல்கிறார்கள். அதே நிறமுள்ள இரண்டு நாய்களை இணைத்தால் சராசரியாக நாலில் ஒரு குட்டி அந்த மரபணுவை இரட்டையாகப் பெறும். அதற்குக் காது கேளாமையும் கண் ஊனமும் வரும் ஆபத்து மிக அதிகம். தெரிந்தே இதைச் செய்பவரிடம் ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது.

மருந்து விஷயம் இன்னும் அவசரமானது. கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் இனங்களில் ஒரு மரபணுப் பிறழ்வு பரவலாக உண்டு. சில மருந்துகளை மூளைக்குள் புகாமல் தடுக்கும் காவல் அந்தப் பிறழ்வு உள்ள நாய்களில் வேலை செய்யாது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001இல் கண்டுபிடித்தது இது. பார்டர் கோலியில் இது அரிது. கலப்பில் வந்திருக்க வாய்ப்புண்டு. சொறிக்கு நம் ஊரில் தாராளமாகப் பயன்படும் ஐவர்மெக்டின் அதிக அளவில் போனால் இந்த நாய்கள் வலிப்பு, மயக்கம், மரணம் வரை போகலாம். வயிற்றுப்போக்குக்கு மனிதர்கள் சாப்பிடும் லோபராமைடும் ஆபத்து. கால்நடை மருத்துவரிடம் முதல் நாளிலேயே இனத்தைச் சொல்லி, பரிசோதனை தெரியும்வரை அந்த மருந்துகளைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

மற்ற மேய்ப்பு இனங்கள்? ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட், பெயர் எப்படியிருந்தாலும், அமெரிக்காவின் மேற்குப் பண்ணைகளில் உருவானது; பார்டர் கோலியைவிடச் சற்றுக் கலகலப்பு, வேலைத் தேவையில் குறைவில்லை. ஷெட்லாண்ட் ஷீப்டாக் உருவத்தில் சிறியது, பல வீடுகளுக்குப் பொருந்தும், ஆனால் குரைக்கும். மேய்ப்பு நாயாகத் தொடங்கிய ஜெர்மன் ஷெப்பர்ட் நமக்குப் பழகிய நாய். இடுப்பு மூட்டைப் பரிசோதிக்காமல் வாங்கக் கூடாது. பெல்ஜியன் மாலினோயை இந்தோ திபெத் எல்லைக் காவல் படை போன்ற படைகள் பயன்படுத்துகின்றன; அதை அவர்களிடமே விட்டுவிடுவது நல்லது. படத்தில் பார்த்து மயங்கி வாங்கிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

யாருக்குப் பொருந்தும் என்று கேட்டால், வீட்டில் பகல் பொழுதில் ஒரு பெரியவராவது இருக்க வேண்டும்; நாயோடு மெனக்கெடுவது அவருக்குப் பிடித்த வேலையாக இருக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகள் பொழுதுபோக்கு அதுவாகவே இருக்கும். மலையேறுபவர்கள், காலையில் ஓடுபவர்கள், பத்து வயதுக்கு மேற்பட்ட பொறுமையான பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்த நாய் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட வீட்டில் இதற்கு ஈடான துணை இல்லை. மனிதர் முகம் சுளித்தாலே புரிந்துகொள்ளும் நாய் அது. இவ்வளவு நேரம் இல்லாதவர்கள் குட்டிக்குப் பதிலாக, யாரோ கைவிட்ட இரண்டு மூன்று வயது நாயை எடுப்பது பல விதத்தில் மேல். அதன் சுபாவம் அப்போது வெளியே தெரிந்துவிடும்: அடங்கிப் படுக்கத் தெரிந்ததா, பிள்ளைகளிடம் எப்படி, மின்விசிறி நிழலைத் துரத்துகிறதா. ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

ஆயுள் 12 முதல் 15 ஆண்டுகள். அடம்பிடித்துக் குட்டி வாங்க வைத்த பத்து வயதுப் பிள்ளை, நாய் முதுமையை எட்டும்போது வேறு ஊரில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். அப்போது காலை ஐந்தரை மணிக்கு அதை வெளியே கூட்டிக்கொண்டு போகப்போவது யார் என்பதை, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி ஒருவர் பெயரைச் சொல்லி முடிவு செய்துகொள்ளுங்கள்.